கொம்புக்காரன் கோட்டு

அத்தியாயம் 14

சின்னவள் போன வாரம் அந்தக் கோட்டின் உள்பையை வெளியே இழுத்துப் புரட்டினாள் அல்லவா, அன்றிலிருந்து பெரியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். மாமனாரின் சேகரிப்பில் ஒரு சிவப்புக் கம்பளிக் கோட்டு இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் பழையது. பட்டாளத்துக் கோட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். போட்டவன் யார், என்ன வேலை பார்த்தவன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மூத்த மருமகள் பதினோரு வருஷமாக அதோடு மல்லுக்கட்டி, அந்துப்பூச்சி தின்ற நாற்பத்திரண்டு ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறாள். இளைய மருமகள் வீட்டுக்கு வந்து எட்டே மாசம். ஒரு மத்தியானம் பொழுது போகாமல் கோட்டின் பையைப் புரட்டினாள். பையின் அடியில் மங்கிப்போன ஒரு முத்திரை, ஓர் எண், எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கொம்பு. பட்டாளத்து பாண்டு வாத்தியக் குழுவில் கொம்பு ஊதியவனின் கோட்டு அது என்று தெரிந்துவிட்டது.

"பதினோரு வருஷம் தைச்சவளுக்குப் பையைப் புரட்டிப் பாக்கத் தோணலையே!" என்று மாமனார் சிரித்தார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். பெரியவள் அதை ஏழு நாளாக மென்றுகொண்டிருக்கிறாள்.

இன்று காலை அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதும் அதைத்தான் மென்றுகொண்டிருந்தாள். கணவர் வந்து அடுப்பை அணைத்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் எல்லோர் கண்ணையும் சோதிப்பார். பெண்டாட்டி முகத்தை மட்டும் சாவகாசமாகத்தான் கவனிப்பார்.

"இன்னிக்கு அந்த அருங்காட்சியகத்து அம்மா வராங்கல்ல?"

"வரட்டும்."

"கோட்டு கண்ணாடிப் பெட்டிக்குள்ள போகப் போகுது. கீழ அட்டையில உன் பேரு அச்சுல வரும். மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்கயேன்."

"என் பேரு ரெண்டாவதா வருது."

"எங்க?"

"அட்டையிலதான். மாமா நேத்தே எழுதி வச்சுட்டார். அடையாளம் கண்டவர்னு முதல் வரியில அவ. சீரமைத்தவர்னு அதுக்குக் கீழ நான்."

"அதனால என்ன? சினிமா டைட்டிலா இது?"

"உங்க கடை போர்டுல உங்க பேருக்கு மேல உங்க தம்பி பேரை எழுதினா சும்மா இருப்பீங்களா?"

அவருக்கு ஏதோ பதில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பதினாலு வருஷத்துக் குடித்தனத்தில் கற்றுக்கொண்ட புத்திசாலித்தனம்.

மாடி அறைக்குப் போவோம். மாமனாரைத் தெருவே 'கர்னல்' என்று கூப்பிடும். பட்டாளத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தபால் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தியவர். ஆனால் ஒரு பித்தளைப் பித்தானை நீட்டினால் போதும், பின்பக்கத்தைத் திருப்பி, செய்தவன் பெயரைப் படித்து, இது இன்ன படைக்குப் போனது என்று சொல்லிவிடுவார். அறை முழுக்கத் தொப்பிகள், தண்ணீர்க் குடுவைகள், தோல் வார்கள். பித்தான்கள் மட்டும் இருபது கண்ணாடிப் புட்டிகளில்.

அறைக்கு ஒரே சாவி. கல்யாணமாகி வந்த புதிதில் பெரியவள் ஒரு பித்தானைத் தைத்துக் கொடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கர்னல், மறுநாளே சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டார். மாமியார் இல்லாத வீட்டில் அதுதான் அவளுக்குக் கிடைத்த பட்டம். கயிற்றில் கோத்து அன்று கழுத்தில் போட்டவள், குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவாள்.

அறைக்குச் சட்டமும் ஒன்றே ஒன்று. துணியில் தண்ணீர் படக்கூடாது. தூசியைத் தூரிகையால் தட்டலாம், வலைத்துணி போர்த்தி மெஷினால் உறிஞ்சி எடுக்கலாம், அவ்வளவுதான். முன்பு ஒரு தையல்காரர் உதவிக்கு வந்துகொண்டிருந்தார். கறை போகட்டும் என்று ஒரு தொப்பியை நனைத்துவிட்டார். அன்றைக்கு கேட்டுக்கு வெளியே போனவரை கர்னல் இதுவரை உள்ளே விடவில்லை. வழியில் அவரைப் பார்த்தால் தெருவின் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் உண்டு. கர்னலின் அப்பாவுக்குக் கிடைத்த பதக்கம், கோடு போட்ட பட்டு நாடாவோடு. சேகரிப்பு தொடங்கியதே அதில்தான். அதை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. "அப்பா சட்டையில குத்தினப்போ இருந்த அதே நாடா. நூல்கூட மாத்தல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அருங்காட்சியகத்து அம்மா சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். ஐம்பது வயசிருக்கும். வெட்டிவிட்ட தலைமுடி, வெள்ளைக் கையுறை, அளந்து வைத்த பேச்சு. கோட்டை மேசையில் விரித்து, பித்தான் பித்தானாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"பித்தளை பளபளன்னு இருக்கு, துணியில பாலிஷ் கறையே இல்லையே. யார் செஞ்சது?"

"நான்தான்" என்றாள் பெரியவள். "பித்தானுக்கு அடியில நடுவுல பிளந்த சின்னப் பலகையைச் செருகி, துணியை மறைச்சுட்டுத்தான் தேய்ப்பேன்."

"நல்ல கை."

வயிற்றில் ஏழு நாளாக எரிந்துகொண்டிருந்தது கொஞ்சம் அடங்கியது. ஆனால் அடுத்த நிமிஷமே அந்த அம்மா பையைப் புரட்டினார், முத்திரையைப் பார்த்தார், "இதை யார் கண்டுபிடிச்சது?" என்றார். கர்னல் சின்னவளை முன்னால் தள்ளிவிட்டார். அப்புறம் பத்து நிமிஷம் அவர்கள் மூன்று பேரும்தான் பேசினார்கள். எண் எப்படிப் படித்தாய், எந்தக் கோணத்தில் வெளிச்சம் வைத்தாய், என்ன படித்திருக்கிறாய், எங்கே வேலை. நாற்பத்திரண்டு ஓட்டைகளைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. ஓட்டையே தெரியவில்லை என்றால் யார் கேட்பார்கள்? தன் வேலை அவ்வளவு நன்றாக இருப்பதே தனக்கு எமனாகிவிட்டது என்று பெரியவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"உன் விளக்கு எங்க? அதையும் கொண்டு வந்து காட்டேன்."

விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னவளுக்குப் பாஸ்போர்ட் ஆபீஸில் வேலை. போலிக் காகிதங்களைப் பிடிக்கிற பிரிவு. அங்கே ஊதா விளக்கு ஒன்று உண்டு. இருட்டில் காட்டினால் புதுக் காகிதம், புது நூல் எல்லாம் நீலமாக ஒளிரும், பழையது ஒளிராமல் கிடக்கும். அதே மாதிரி ஒன்றைத் தனக்கும் வாங்கி வைத்திருந்தாள். வந்த எட்டு மாசத்தில் அதை வைத்து மூன்று தொப்பிகள் நாடகக் கம்பெனித் தொப்பிகள் என்று கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். கர்னல் அதற்குக் கோபப்படவா செய்தார்? தெருமுழுக்கச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். சிவப்புக் கோட்டின் மேல் மட்டும் அந்த விளக்கு இன்னும் படவில்லை.

பெரியவளின் கணக்கு வேறு. அவள் கடையில் வாங்கிய நூலால் ஓட்டையை அடைப்பதில்லை. அதே கோட்டின் உள்தையலில் மடித்து மறைந்திருக்கும் ஓரத்திலிருந்து இழை இழையாக உருவி எடுத்து, அதே கம்பளியால் நெய்வாள். எந்த விளக்கும் அதைக் காட்டிக்கொடுக்காது. 'உன் விளக்கே தோத்துப்போச்சு பார்' என்று சொல்லி, அந்த அம்மாவுக்கு முன்னால் சின்னவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

திரைகளை இழுத்துவிட்டார்கள். அறை இருட்டானது. சின்னவள் விளக்கைப் போட்டாள். சிவப்புக் கம்பளி கறுப்பாகக் கிடந்தது. கையில், முதுகில், காலரில், எங்கேயும் ஒரு புள்ளிகூட ஒளிரவில்லை.

"இதுல நாப்பத்திரண்டு ஓட்டை இருந்துதுன்னு சொன்னா நம்ப முடியுமா?" என்று கர்னல் கேட்டார்.

"எங்கன்னே தெரியலையே!" என்றார் அந்த அம்மா. "அபாரம்."

அபாரம்! பெரியவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"உள்பக்கமும் பாக்கட்டும்" என்று சொல்லி அவளே தன் கையால் கோட்டைத் திறந்துவிட்டாள்.

இடப்பக்கத்து உள்துணி நீலமாகப் பற்றிக்கொண்டு எரிந்தது.

சின்னவள் விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி கிட்டே கொண்டுபோனாள்.

"மாமா" என்றாள் தயங்கித் தயங்கி. "இந்த உள்துணி அந்தக் காலத்துது இல்ல போலிருக்கு. அப்போ இப்படி ஒளிர்ற துணியே கிடையாது."

"உள்துணி பின்னால மாத்தினதுன்னா முத்திரையும் பின்னால போட்டதுதான்" என்றார் அந்த அம்மா. "பை அதே துணியிலதானே தைச்சிருக்கு." சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

கர்னல் பின்னால் கையால் துழாவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

முதலில் பெரியவளுக்கு வந்தது சந்தோஷம். மறைப்பானேன்? முத்திரை பொய், கொம்பு பொய், சின்னவளின் கண்டுபிடிப்பு மொத்தமும் பொய்! முதல் வரி போச்சு! அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. அடுத்த மூச்சில் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

பால்.

கோட்டு வீட்டுக்கு வந்த அதே வருஷம். மகளுக்கு அப்போது ஒரு வயசு. கர்னல் வெளியூரில் ஏதோ ஏலத்துக்குப் போயிருந்தார். கோட்டை மேசையில் விரித்துப் போட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பால்புட்டி மூடி கழன்று, அத்தனையும் உள்துணியில். காய்ந்தால் நாறும், கறை நிற்கும், தையல்காரருக்கு நேர்ந்தது தனக்கும் நேரும். பதறிப்போய் வாளியில் ஒரு கை சோப்புத்தூளைக் கரைத்து, அந்த இடத்தை மட்டும் முக்கிக் கசக்கி, அலசி, மின்விசிறியடியில் காயப்போட்டு, இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். யாருக்கும் தெரியாது. துணிக்கு வெள்ளை கொடுக்க அந்தத் தூளில் எதையோ கலக்கிறார்கள் என்பதும், அது பதினோரு வருஷம் கழித்து ஊதா வெளிச்சத்தில் வாயைத் திறக்கும் என்பதும் அவளுக்குமே தெரியாது. இப்போது பார்த்தவுடன் புரிந்துவிட்டது.

சொன்னால் கோட்டு நிஜமாகிவிடும். சின்னவள் கண்டுபிடித்ததும் நிஜமாகிவிடும். தன் பெயர் மட்டும் போகும், சாவியோடு சேர்ந்து. சொல்லாவிட்டால் சின்னவள் முகத்தில் கரி. ஆனால் அதோ அந்த மனுஷர் நாற்காலியில் சுருண்டு கிடக்கிறார்.

அந்த அம்மா கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

சின்னவள் மட்டும் இன்னும் விளக்கோடு குனிந்திருந்தாள். நீல வெளிச்சம் துணி முழுக்க இல்லை. ஓர் இடத்தில் வளைந்து வளைந்து ஒரு கோடாக முடிந்தது. ஈரம் ஏறி நின்ற கரை. அவள் அதை விரலால் தடவிக்கொண்டே போனாள். அப்புறம் தலையை நிமிர்த்தினாள். நேராகப் பெரியவள் முகத்தைப் பார்த்தாள்.

பெரியவளின் கை கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் சின்னவள். "மாமா, என்னை மன்னிச்சிடுங்க. போன வாரம் பையைப் புரட்டினப்போ உள்ள அழுக்கா இருந்துது. நான்தான் சோப்புத் தண்ணியில துணியை நனைச்சுத் துடைச்சேன். அதுதான் ஒளிருது. துணி பழசுதான்."

அந்த அம்மா மறுபடி குனிந்து பார்த்தார். "ஆமா, கரை தெரியுது. புதுத் துணின்னா ஓரம் வரைக்கும் மொத்தமா ஒளிரும். இது தண்ணி போன இடம் மட்டும்தான்." பேனா திறந்தது.

கர்னல் எழுந்து வந்தார். பெரியவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வெடிக்கப்போகிறார், தையல்காரரை விரட்டியது போல விரட்டப்போகிறார்.

"பரவாயில்லம்மா" என்றார் கர்னல். "புதுசா வந்த பொண்ணு. தெரியாம செஞ்சுட்டே. இனிமே தண்ணி வைக்காதே, என்ன?"

சின்னவள் தலையைத் தட்டிக்கொடுக்கவும் செய்தார்.

மனசாட்சி உறுத்தியதால் பெரியவள் உண்மையைச் சொன்னாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவல்ல. பதினோரு வருஷம் எந்த வார்த்தைக்குப் பயந்து செத்தாளோ, அந்த இடத்தில் சின்னவளுக்கு ஒரு 'பரவாயில்லம்மா' இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டது. தப்பு தன்னுடையது, மன்னிப்பு அவளுக்கு! அதை அவளால் தாங்க முடியவில்லை.

"என்ன சொன்னீங்க மாமா? பரவாயில்லையா?"

"என்னம்மா?"

"ஒரு தொப்பியை நனைச்சதுக்கு அந்தத் தையல்காரரை கேட்டோட நிறுத்தினீங்க. இவளுக்கு மட்டும் பரவாயில்லையா?"

"அக்கா, விடுங்க" என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இரு. இவ பொய் சொல்றா மாமா. இவ துடைக்கல. நான்தான் துவைச்சேன். பாப்பா பாலைக் கொட்டிட்டா. பதினோரு வருஷத்துக்கு முன்னால, நீங்க ஏலத்துக்குப் போன அன்னிக்கு." மூச்சு வாங்கியது. "என்கிட்டயும் சொல்லுங்க, பரவாயில்லன்னு."

கர்னல் சொல்லவில்லை.

"தண்ணியே காணாத கோட்டுன்னு வர்றவங்க போறவங்க அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்" என்றார் மெதுவாக. "நீ பக்கத்துலயே நின்னு தலையாட்டினே."

அந்த அம்மா தன் தாளில் 'உள்துணியின் ஒரு பகுதி துவைக்கப்பட்டது' என்று எழுதினார். அவருக்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். கோட்டை ஏற்றுக்கொண்டார், அடுத்த வாரம் வண்டி அனுப்புவதாகச் சொன்னார்.

"அட்டையில சீரமைத்தவர் பேர் எப்படிப் போடணும்?"

"அந்த வரி வேண்டாம்" என்றார் கர்னல்.

பிறகு அவர் கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவள் கயிற்றைத் தலைவழியே கழற்றும்போது அது கூந்தலில் சிக்கிக்கொண்டது. சின்னவள் விடுவிக்க வந்தாள். பெரியவள் அவள் கையைத் தட்டிவிட்டு, நாலு மயிர் பிய்ந்தாலும் பரவாயில்லை என்று தானே இழுத்து எடுத்தாள்.

கர்னல் சாவியை மேசையில் சின்னவளுக்கு முன்னால் வைத்தார். "இனிமே நீ பாத்துக்கம்மா." அந்த அம்மாவை வழியனுப்பப் படியிறங்கிப் போனார்.

திரைகள் மூடியபடியே இருந்தன. ஊதா விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் இரண்டு பேரும் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எதுக்கு எனக்காகப் பொய் சொன்னே?"

"உங்க மூஞ்சியைப் பாக்க முடியலக்கா."

"உன் தயவு எனக்கு வேண்டாம்."

"தயவெல்லாம் இல்ல." சின்னவளின் குரலும் உடைந்தது. "எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூட வராது. நீங்க அடைச்ச ஓட்டையைத் தேடித் தேடிப் பாத்தும் ஒண்ணுகூடக் கண்டுபிடிக்க முடியல. எட்டு மாசமா எனக்கு எவ்வளவு எரிஞ்சுது தெரியுமா? இன்னிக்கு நீங்க விளக்கைக் கேட்டதும் எதுக்கு அப்படி ஓடிப்போய் எடுத்துட்டு வந்தேன்? ஒரு ஓட்டையாவது மாட்டட்டும்னுதான்."

பெரியவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் 'எரிஞ்சுது' என்ற அந்தச் சொல் அவளுக்குக் கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. பொறாமைப்படுகிறவள் தான் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே.

"மாட்டுச்சா?"

"இல்ல."

"மாட்டாது."

சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்கை அணைக்க எடுத்தாள். எடுக்கும்போது வெளிச்சம் மேசையை விட்டு வழுக்கிச் சுவரில் ஏறியது. சட்டத்தின் கண்ணாடிக்குள் இருந்த பதக்கம் கறுப்பாகத் தெரிந்தது.

பதக்கத்துக்கு மேலே நாடா நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

பெரியவள் அழுகையை மறந்து கிட்டே போனாள். கரையைத் தேடினாள். கரை இல்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை, இழை இழையாக, மொத்தமும் ஒளிர்ந்தது.

"அக்கா, இதையும் நீங்க..."

"சத்தியமா இல்ல. இதை நான் தொட்டதே கிடையாது. மாமாவைத் தவிர யாரும் தொட்டது கிடையாது."

"அப்போ மாமா எல்லார்கிட்டயும் சொல்றாரே, நூல்கூட மாத்தலன்னு?"

கீழே கேட் சாத்தும் சத்தம் கேட்டது. கர்னல் செருப்பை உதறிவிட்டுப் படியேறத் தொடங்கினார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தார். இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் விளக்கின் ஸ்விட்சுக்குப் போயின. இருட்டில் விரலோடு விரல் இடித்தது.

அறை வாசலில் வந்து நின்றார்.

"இருட்டுல ரெண்டு பேரும் என்ன பாத்துட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல மாமா" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.